நிலத்தின் குற்றமா?

சென்னையிலிருந்து மும்பைக்குத் தொடர்வண்டியில் வருவோர் அனைவரும் கண்ட காட்சி ஒன்று உண்டு. சோலாப்பூரைக் கடந்து புனேயை நோக்கி வண்டி செல்லுங்கால், இருமருங்கும் மழையை எதிர்நோக்கிக் கிடக்கும் மேட்டு நிலங்கள்; சோளக் கொல்லைகள்; கருவேல மரங்கள்; தலையில் குடத்துடன் நெடுந்தொலைவு நடக்கும் பெண்கள். லோணாவளாவில் வண்டி மலையிறங்கத் தொடங்கியதும் எல்லாம் மாறிவிடுகின்றது. ஆடித் திங்களாயின் பாறைதோறும் அருவி. கண்ணுக்கெட்டிய தொலைவெல்லாம் பசுமை. குகைவழி ஒன்றைக் கடக்குந்தோறும் முகத்தில் சாரல். ஒரே மாநிலம், ஒரே மொழி, ஒரே அரசு. இடையில் இருப்பது ஒரு மலைத்தொடர் மட்டுமே.

அவ்வேளையில் சாளரத்தருகே அமர்ந்த குழந்தைகள் கேட்கும் வினாவும் பெரும்பாலும் ஒன்றே: "அந்த ஊர்க்காரர்கள் மட்டும் ஏன் ஏழைகளாக இருக்கிறார்கள்?" இதற்குப் பெரியோர் இருவகையாக விடை கூறக் கேட்டிருக்கிறோம், நாமே கூறியும் இருக்கிறோம். "அங்கே மழை இல்லை" என்பது ஒன்று. "அவர்கள் உழைப்பதில்லை" என்பது மற்றொன்று. முன்னது பழியை வானத்தின்மேல் ஏற்றுகின்றது. பின்னது ஏழையின்மேலேயே ஏற்றுகின்றது. இரண்டிலும் ஒரு வசதி உண்டு. எதைக் கூறினும் கூறியவர்க்குச் செய்ய வேண்டிய கடமை ஒன்றும் எஞ்சுவதில்லை.

அந்த வசதியை ஐயுற்று ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம். வறுமை நிலத்தின் குற்றமா, மாந்தரின் குற்றமா? நிலத்தின் குற்றமாயின், வளமான மண்ணில் பிறந்தோர் தம் செல்வத்தைத் தம் திறமையின் பயன் என்று கூறிக்கொள்ளலாமா? மாந்தரின் குற்றமாயின், எந்த மாந்தரின் குற்றம்?

முதற்பொருள்

தமிழர்க்கு இது புதிய வினா அன்று. ஒல்காப் பெரும்புகழ்த் தொல்காப்பியர் நிலத்தையும் பொழுதையும் முதற்பொருள் என்றார். அவற்றின்வழி அமையும் உணவு, விலங்கு, மரம், பறை, தொழில் முதலியவற்றைக் கருப்பொருள் என்றார். மலையில் தேனும் தினையும், கடற்கரையில் மீனும் உப்பும், வயலில் நெல்லும் என வாழ்க்கை நிலத்தைத் தழுவி அமைவதை அவர்போல் தெளிவாக வகுத்தோர் அரியர்.

ஆயினும் அவ்விலக்கணத்திலேயே மற்றொரு நுட்பமும் உண்டு. நானிலத்துக்கு இடம் வகுத்த தொல்காப்பியர் பாலைக்கெனத் தனிநிலம் வகுக்கவில்லை. முல்லையும் குறிஞ்சியும் வெம்மையால் தம் இயல்பு கெட்டுத் திரியும்போது பாலை என்னும் வடிவம் கொள்கின்றன என்று இளங்கோவடிகள் சிலப்பதிகாரத்தில் விளக்கினார். வறட்சி ஓர் இடத்தின் நிலையான பெயர் அன்று, ஓர் இடத்துக்கு நேரும் நிலை என்பது இதனால் பெறப்படும். நேர்வது நீங்கவும் கூடும். நீங்கியது மீண்டும் நேரவும் கூடும்.

மேனாட்டு அறிஞரும் இதனை ஆராய்ந்தனர். பிரான்சு நாட்டு மான்டெஸ்கியூ 1748இல் வெளியிட்ட தம் நூலில், வெப்ப நாட்டு மக்கள் இயல்பாகவே சோம்பலும் அச்சமும் உடையவர்கள் என்று எழுதினார். அவ்வாறு இகழப்பட்டோருள் இந்தியரும் அடங்குவர். ஆடம் ஸ்மித் 1776இல் இதனினும் அறிவுடைய ஒன்றைக் கூறினார். கடற்கரையும் கலஞ்செல்லும் ஆறும் உள்ள நாடுகளில் வாணிகமும் தொழிலும் முதலில் தழைக்கும். கடலுக்குத் தொலைவான உள்நாடுகள் பின்தங்கும் என்பது அவர் கருத்து. முன்னவர் மக்களின் இயல்பில் குறை கண்டார். பின்னவர் வழியின் செலவைக் கணக்கிட்டார். அயலூரார் ஏழ்மையைக் கண்டு அவரைச் சோம்பேறிகள் என்று நாம் கூறும்போது, நம்மையே இகழ்ந்த மான்டெஸ்கியூவின் குரலைத்தான் எதிரொலிக்கின்றோம் என்பதை உணர்தல் வேண்டும்.

மலை வகுத்த எல்லை

நிலத்தின் ஆற்றலை மறுப்பது பேதைமை. சகியாத்திரி எனப்படும் மேற்குத் தொடர்ச்சி மலையே இதற்குச் சான்று. அரபிக் கடலிலிருந்து தென்மேற்குப் பருவக்காற்று ஈரத்தைச் சுமந்து வருகின்றது. மலையில் மோதி மேலெழுகின்றது; குளிர்கின்றது; பொழிகின்றது. மலையைத் தாண்டியதும் இறங்கி வெப்பமுற்று, எஞ்சிய ஈரத்தையும் பொழியாமலே கடந்து செல்கின்றது. இதனையே மழைமறைவு நிலம் என்கிறோம்.

சாத்தாரா மாவட்டம் ஒன்றையே நோக்குவோம். அதன் மேற்கு விளிம்பிலுள்ள மகாபலேசுவரத்தில் ஆண்டுக்கு 5,000 மில்லிமீட்டருக்கு மேல் மழை பொழிகின்றது. ஏறத்தாழ 100 கிலோமீட்டர் கிழக்கே, அதே மாவட்டத்து மாண் வட்டத்தில் பெய்வது 500 மில்லிமீட்டர் அளவே. ஓரிடத்துப் பத்தில் ஒரு பங்கு மழையே மற்றோரிடத்துக்கு வாய்க்கின்றது. இவ்விரண்டில் எதில் பிறப்பது என்று எந்தக் குழந்தையும் தேர்ந்துகொள்வதில்லை. மாண் வட்டத்து உழவன் கடுமையாக உழைத்தும் கடனாளியாகலாம். மழை தவறிய ஆண்டில் அவன் விதையையும் இழக்கின்றான், கூலியையும் இழக்கின்றான், கால்நடையையும் விற்கின்றான். அடுத்த ஆண்டு மழை பெய்தாலும் உழ எருது இல்லை. ஒரு பருவத்தின் பஞ்சம் ஒரு தலைமுறையின் வறுமையாக வளர்வது இவ்வாறே. இவனைச் சோம்பேறி என்பது அறமாகுமா?

மழை மட்டும் போதுமா?

மழையே செல்வம் என்றால், மலைக்கு மேற்கே உள்ள கொங்கணம் செல்வத்தில் திளைத்திருக்க வேண்டும். ஆண்டுதோறும் வானம் அங்கே குறைவின்றிப் பொழிகின்றது. ஆனால் உண்மை வேறு. மும்பையின் பஞ்சாலைகளில் நெடுங்காலம் உழைத்த தொழிலாளர்களுள் பெரும்பகுதியினர் கொங்கணத்து இரத்தினகிரியிலிருந்து வந்தவர்களே. ஆடவர் ஆலையில் உழைத்து அனுப்பிய பணத்தில் ஊரில் முதியோரும் பெண்டிரும் வாழ்ந்தனர். ஆதலின் கொங்கணத்தின் வாழ்வை 'மணியார்டர் பொருளாதாரம்' என்றே கூறலாயினர்.

காரணம் யாது? அங்கே மண் பெரும்பாலும் செம்பாறை மண், சரிவானது, மெல்லியது. பெய்த மழை மலையிலிருந்து கடலுக்கு விரைந்தோடிவிடுகின்றது. நான்கு திங்கள் வெள்ளம். பின்னர்க் கோடையில் குடிநீர்க்கும் அலைச்சல். ஆறுகளும் கழிகளும் குறுக்கிட்டமையால் சாலையும் இருப்புப்பாதையும் அரிதாயின. கொங்கண இருப்புப்பாதை முழுமையாகத் திறக்கப்பெற்றது 1998இல்தான். மும்பையில் முதல் தொடர்வண்டி ஓடிய 1853க்கும் இதற்கும் இடையே 145 ஆண்டுகள்.

எனவே நிலம் என்பது மழையளவு மட்டும் அன்று. மண்ணின் ஆழம், சரிவு, நீர் தங்கும் இடம், சந்தைக்குச் செல்லும் வழி ஆகிய அனைத்தும் சேர்ந்ததே நிலம். இவற்றுள் சிலவற்றை இயற்கை தந்தது. சிலவற்றை மாந்தர் தந்தனர், அல்லது தாராது விட்டனர்.

துறைமுகத்தின் காலம்

நாம் வாழும் இந்நகரின் வரலாறு இதனை இன்னும் தெளிவாக்கும். மும்பை என்பது ஏழு தீவுகள். சேறும் உவர்நிலமும் சூழ்ந்தவை. போர்ச்சுகல் நாட்டு அரசகுமாரியின் திருமணத்தை ஒட்டி 1661இல் இங்கிலாந்து மன்னரின் உரிமையாகி, 1668இல் ஆண்டுக்குப் பத்துப் பவுன் குத்தகைக்குக் கிழக்கிந்தியக் கும்பினியிடம் விடப்பட்டது. ஆழமான இயற்கைத் துறைமுகம் அன்றும் இருந்தது. ஆயினும் பின்னால் மலைச்சுவர் நின்றது. தக்காணத்துப் பருத்தி அச்சுவரைத் தாண்டிப் பொதிமாட்டின்மேல் வரவேண்டியிருந்தது.

1863இல் போர்க் கணவாய் வழியே இருப்புப்பாதை திறக்கப்பெற்றது. பாறையைக் குடைந்த பணியில் விபத்தாலும் வாந்திபேதியாலும் பல்லாயிரம் தொழிலாளர் மாண்டனர். அதே காலத்தில், 1861 முதல் 1865 வரை அமெரிக்க உள்நாட்டுப் போரால் இங்கிலாந்துக்குப் பருத்தி வரத்து தடைப்பட்டு, மும்பையின் பருத்திக்குப் பெருவிலை கிடைத்தது. 1869இல் சூயசு கால்வாய் திறந்து ஐரோப்பாவுக்கான கடல்வழி குறுகியது. துறைமுகம் இடம் பெயரவில்லை. மலையும் இடம் பெயரவில்லை. அவற்றின் மதிப்பு மட்டும் மாறிவிட்டது.

இதிலிருந்து பெறப்படும் உண்மை, நிலத்தின் நன்மை தீமைகள் காலத்துக்கும் கருவிக்கும் ஏற்பத் திரிவன என்பதே. நெல்லைச் சீமையிலிருந்து தோல் பதனிடும் தொழிலாளராகத் தாராவிக்கு வந்த நம் முன்னோரும், எழுத்தராகவும் தட்டச்சராகவும் மாட்டுங்காவுக்கு வந்தோரும் இவ்வாறு மாறிய மதிப்பைப் பின்பற்றியே வந்தனர். நாம் இங்கு அடைந்த மேன்மையில் நம் உழைப்புக்குப் பங்குண்டு. ஆனால் துறைமுகத்துக்கும், கணவாய்க்கும், அதைக் குடைந்து மாண்டோர்க்கும் உரிய பங்கை நம் கணக்கில் வரவு வைத்துக்கொள்வது நேர்மையாகாது.

திருப்பப்பட்ட நீர்

நிலம் இழைத்த குறையை மாந்தர் நீக்கக்கூடும் என்பதற்கு முல்லைப் பெரியாறு சிறந்த சான்று. மேற்கே ஓடிக் கடலில் கலந்த நீரை, மலையைக் குடைந்து கிழக்கே வைகைச் சீமைக்குத் திருப்பும் எண்ணம் பதினெட்டாம் நூற்றாண்டின் இறுதியிலேயே இராமநாதபுரம் சேதுபதியின் பிரதானி முத்திருளப்ப பிள்ளைக்கு இருந்தது. 1876 முதல் 1878 வரை நிகழ்ந்த தாதுவருடப் பஞ்சம் எண்ணற்ற உயிர்களைக் குடித்த பின்னர், 1887இல் பணி தொடங்கி, 1895இல் பென்னிகுயிக் அதனை முடித்தார். மதுரை, தேனிச் சீமைகளின் வயல்கள் இன்றும் அவர் பெயரை வாழ்த்துகின்றன. அதே வேளையில், அணைக்குக் கீழே வாழும் கேரள மக்களின் அச்சத்தையும் நாம் இகழ்தல் ஆகாது. வழக்கு வேறு, ஒருவர் அச்சத்தை மதித்தல் வேறு.

சகியாத்திரியிலோ நீர் எதிர்த்திசையில் திருப்பப்பட்டது. லோணாவளாவைச் சூழ்ந்த ஏரிகளின் நீர் இயல்பாகக் கிழக்கே பீமா ஆற்றில் சேர்ந்து சோலாப்பூர்ச் சீமையை நோக்கி ஓட வேண்டியது. அதனை மேற்கே மலைச்சரிவில் வீழ்த்தி, 1915இல் கோப்போலியில் மின்னாற்றல் எடுத்தனர். மும்பையின் ஆலைகள் அதனால் சுழன்றன. அடுத்து முள்சியில் அணை கட்ட முற்பட்டபோது, நிலமிழந்த உழவர்கள் சேனாபதி பாபட்டின் தலைமையில் 1921இல் அறப்போர் தொடங்கினர். போர் தோற்றது, அணை எழுந்தது, ஊர்கள் மூழ்கின. நாம் சாளரத்தின்வழிக் கண்ட வறண்ட வெளிக்கு உரிய நீரின் ஒரு பகுதி, நம் வீட்டு விளக்காக எரிந்து வந்திருக்கின்றது. "அங்கே மழை இல்லை" என்னும் விடை இப்போது எவ்வளவு குறையுடையதாகின்றது!

குடிநீர்க்கும் இது பொருந்தும். மும்பைக்கு நீர் தரும் தான்சா, பாட்சா முதலிய ஏரிகள் தாணே மாவட்டத்துச் சகாப்பூர் வட்டத்தில் உள்ளன. ஏரிகள் நிறைந்த அவ்வட்டத்தின் பழங்குடி ஊர்களுக்குக் கோடையில் லாரியில் தண்ணீர் செல்கின்றது. அவ்வூர்களை வறிய நிலம் என்று யார் கூற இயலும்?

கரும்பும் கட்டுப்பாடும்

இனி ஒரே தன்மையான நிலத்தில் மாந்தரின் முடிவு எவ்வளவு வேறுபாட்டை விளைக்கும் என்பதைக் காண்போம். 2014, 2015 ஆகிய ஈராண்டும் பருவமழை பொய்த்தமையால், 2016 ஏப்பிரலில் மராட்டவாடாவின் இலாத்தூர் நகருக்கு மீரஜிலிருந்து தொடர்வண்டியில் குடிநீர் கொண்டுவரப்பட்டது. மழை பொய்த்தது உண்மை. ஆனால் அச்சீமையில் நெடுங்காலமாக ஆழ்துளைக் கிணறுகளால் நிலத்தடி நீரை உறிஞ்சிக் கரும்பு பயிரிட்டு வந்ததும், சருக்கரை ஆலைகள் பெருகியதும் அதே அளவுக்கு உண்மை. மராட்டிய மாநிலப் பயிர்ப்பரப்பில் சிறு பங்கே கொண்ட கரும்பு, பாசன நீரில் சரிபாதிக்கு மேல் பருகிவிடுகின்றது. அக்கரும்பை வெட்ட யார் செல்கின்றனர்? பீடு மாவட்டத்து ஏழைக் குடும்பங்கள் ஆண்டுதோறும் கார்த்திகை முதல் பங்குனி வரை ஊரைப் பூட்டிக் குழந்தைகளுடன் மேற்கே செல்கின்றன. நீரை இழந்த நிலத்தின் மக்கள், நீரைக் குடித்த பயிரையே வெட்டிப் பிழைக்கின்றனர்.

முன்னர் அகமதுநகர் எனப்பட்ட மாவட்டத்தில் ஹிவ்ரே பஜார் என்னும் சிற்றூர் உள்ளது. அங்குப் பெய்யும் மழை ஆண்டுக்கு 400 மில்லிமீட்டர் அளவே, இலாத்தூரினும் குறைவு. 1972ஆம் ஆண்டுப் பஞ்சத்துக்குப் பின் அவ்வூரார் பலர் பிழைப்புத் தேடி வெளியேறினர். 1989இல் போபட்ராவ் பவார் ஊர்த்தலைவரானார். குன்றுச் சரிவுகளில் வரப்பும் அகழியும் அமைத்து மழைநீரைத் தடுத்தனர். மரம் வெட்டுவதையும் கட்டுப்பாடற்ற மேய்ச்சலையும் தடுத்தனர். பாசனத்துக்கு ஆழ்துளைக் கிணறு தோண்டுவதில்லை, கரும்பு பயிரிடுவதில்லை என்று உறுதி பூண்டனர். ஆண்டுதோறும் ஊரவை கூடி, பெய்த மழையை அளந்து, முதலில் குடிநீர்க்கு ஒதுக்கி, எஞ்சியதற்கேற்பப் பயிரை வரையறுத்தனர். வெளியேறிய குடும்பங்கள் பல திரும்பி வந்தன. பாலை மீண்டும் முல்லையாயிற்று எனலாம்.

ஆனால் ஈண்டு ஓர் எச்சரிக்கை தேவை. "ஹிவ்ரே பஜார் செய்ததை மற்றவர் ஏன் செய்யவில்லை?" என்று வினவி, அதையே ஏழைகளை இகழ மற்றொரு சாட்டையாக்குவோர் உளர். அவ்வூர்க்கு அரசின் திட்டப் பணமும் கிடைத்தது. ஒற்றுமையாக்கும் தலைமையும் வாய்த்தது. ஓரூரார் மேல்நிலத்தில் கட்டுப்பாட்டோடு சேமித்த நீரை அடுத்த ஊரார் பொறி வைத்து இறைத்துவிட்டால், கட்டுப்பாடே இழப்பாகும். ஆதலின் ஊரின் முயற்சிக்கு நாட்டின் நீதி அரணாக நிற்றல் வேண்டும். அதே 1972ஆம் ஆண்டுப் பஞ்சத்தின்போது மராட்டிய அரசு வேலையுறுதித் திட்டத்தை மேற்கொண்டது. 1977இல் அதனைச் சட்டமாக்கியது. வேலை கேட்பவனுக்கு வேலை தருதல் அரசின் கடன் என்ற அக்கொள்கை, 2005இல் நாடாளுமன்றம் நிறைவேற்றிய ஊரக வேலையுறுதிச் சட்டத்துக்கு முன்னோடியாயிற்று. வானம் பொய்க்கும்போது மனிதன் மண்டியிடாமல் கூலி கேட்கலாம் என்பது சிறிய செய்தியன்று.

வளநாட்டில் வறுமை

நிலமே வறுமைக்கு முழுக்காரணம் எனின், வளநாட்டில் வறுமை இருத்தல் ஆகாது. 1943இல் வங்காளத்தில் ஏறத்தாழ முப்பது இலட்சம் மக்கள் பசியாலும் நோயாலும் மாண்டனர். கங்கையும் பிரமபுத்திராவும் வண்டல் சேர்த்த நாடு அது. போர்க்காலத்தில் அரிசியின் விலை ஏறியது. நிலமற்ற கூலியாளின், மீனவனின் வருவாய் ஏறவில்லை. உணவு இருந்தும் அதனைப் பெறும் உரிமை சிலர்க்கு அற்றுப்போனதே அப்பஞ்சத்தின் வேர் என்று அமர்த்திய சென் 1981இல் வெளியிட்ட நூலில் நிறுவினார்.

வங்காளம் வரை செல்வானேன்? நம் காவிரிப் படுகைக்கே வருவோம். கல்லணையும் கால்வாயும் பொன்விளைவித்த தஞ்சைத் தரணியில், கூலி உயர்வு கேட்ட உழவுத் தொழிலாளர் குடும்பத்தினர் 44 பேர், பெரும்பாலும் பெண்டிரும் குழந்தைகளும், 1968 டிசம்பர் 25 அன்று கீழ்வெண்மணியில் ஒரு குடிசையில் எரிந்து மாண்டனர். அவர்கள் நின்ற மண் தமிழகத்தின் தலைசிறந்த மண். நீர் குறையவில்லை, நெல் குறையவில்லை. நெல்லை விளைத்தவனுக்கு அதில் உரிமை குறைந்திருந்தது. நம்முள் நிலம் வறண்டதால் புலம்பெயர்ந்தோரும் உளர். ஊர் செழித்திருந்தும் ஒரு குழி நிலமும் தமக்கின்றி, சாதியின் இழிவு பொறாது புலம்பெயர்ந்தோரும் உளர். இரண்டாமவரின் வரலாற்றை மறைத்து, 'மழையின்மையால் வந்தோம்' என்று அனைவர்க்கும் பொதுவாக எழுதிக்கொள்வது பொய்யாகும்.

நிலத்தை விளித்துப் பாடிய ஔவையார், நிலத்தின் நன்மை அதன் அமைப்பில் இல்லை, அதில் வாழ்வோரின் நன்மையில் உள்ளது என்னும் கருத்தைப் புறநானூற்றில் வைத்தார். அதனை வறியவர்மேல் குற்றம் சுமத்தும் பாட்டாகக் கொள்ளுதல் தவறு. வெண்மணியை எண்ணி அதனைக் கற்போர்க்கு, அது நிலமுடையோரை நோக்கிய வினாவாகவே ஒலிக்கும்.

ஊழும் ஆள்வினையும்

இதுகாறும் கண்டவற்றால், நிலம் ஓரளவு காரணம். மாந்தர் ஓரளவு காரணம் என்பது போதரும். அவ்வளவில் அமைதி கொண்டால் கட்டுரை முடிந்துவிடும், வினா முடியாது. ஏனெனில் வாழ்க்கையில் நாம் எந்த அளவை எவர்க்குப் பயன்படுத்துகிறோம் என்பதே அறத்தின் வினா.

வள்ளுவப் பெருந்தகை இதற்கு வழி காட்டுகின்றார். 'ஊழ்' என்னும் அதிகாரத்தில் மனிதன் முயற்சிக்கு அப்பாற்பட்ட வலிமையை ஒப்புக்கொண்டார். 'ஆள்வினையுடைமை'யில் தளராத முயற்சி ஊழையும் புறங்காணும் என்னும் நம்பிக்கையை ஊட்டினார். இரண்டும் முரண் என்று குறை கூறுவோர் உண்டு. 'நாடு' என்னும் அதிகாரத்திலும் இவ்விருமையைக் காணலாம். நீரையும் மலையையும் நாட்டின் உறுப்பாக வைத்தவர், நல்லாட்சியின் பொருத்தம் இல்லையேல் அவையெல்லாம் இருந்தும் பயனில்லை என்றே அதனை முடித்தார்.

முரணாகத் தோன்றும் இவ்விரண்டும், யாரை நோக்கிக் கூறப்படுகின்றன என்பதை எண்ணின் ஒன்றுபடும். பிறர் வறுமையைக் காணும்போது ஊழை நினைத்தல் வேண்டும். அவர் தேர்ந்துகொள்ளாத மண்ணையும் மழையையும் பிறப்பையும் நினைத்தல் வேண்டும். நம் கடமையை எண்ணும்போது ஆள்வினையை நினைத்தல் வேண்டும். உலகியலோ இதற்குத் தலைகீழாக நடக்கின்றது. நம் செல்வத்துக்குக் காரணம் நம் முயற்சி என்கிறோம். நம் தோல்விக்குக் காரணம் விதி என்கிறோம். பிறர் செல்வத்துக்கு அவர்தம் நற்பேற்றைக் காரணமாக்குகிறோம்; பிறர் வறுமைக்கு அவர்தம் சோம்பலைக் காரணமாக்குகிறோம். ஒரே துலாக்கோலைக் கையில் வைத்துக்கொண்டு ஆளுக்கொரு படிக்கல் இடுகின்றோம்.

நம் கடன்

புலம்பெயர்ந்தோராகிய நமக்கு இதனை உணர்தல் எளிதாக இருக்க வேண்டும். 1960களின் பிற்பகுதியில் இந்நகரில் தென்னாட்டார்க்கு எதிராகக் கிளர்ச்சி எழுந்ததை நம் மூத்தோர் மறந்திலர். உணவுக் கடைகள் தாக்கப்பட்டன. நம் உடையும் மொழியும் எள்ளப்பட்டன. 'பிறர் பிழைப்பைப் பறிக்க வந்தோர்' என்று நாம் பெயர் பெற்றோம். அந்நாளில் நம் மனம் எவ்வாறு நொந்தது!

இன்று பீகாரிலிருந்தும் ஒடிசாவிலிருந்தும் திருப்பூர்ப் பின்னலாடைத் தொழிற்சாலைகளுக்கும் சென்னைக் கட்டடப் பணிகளுக்கும் இளைஞர்கள் வருகின்றனர். கோசி ஆறு கரையுடைத்து 2008இல் மூழ்கடித்த ஊர்களின் மக்களும், நிலக்கரியும் இரும்பும் தம் காலடியில் கிடக்க வறுமையில் வாழ்ந்தோரின் மக்களும் அவருள் உண்டு. அந்த நிலக்கரியையும் இரும்பையும் நாடெங்கும் ஒரே விலையில் கிடைக்கச் செய்த சரக்குக் கட்டணச் சமன்முறை 1950களில் தொடங்கி 1990களின் தொடக்கம் வரை நீடித்தது. சுரங்கத்துக்கு அருகிலிருப்பதால் கிழக்கு மாநிலங்களுக்கு உரிய நிலப்பேறு அதனால் நீங்கிற்று. கடற்கரை மாநிலங்களின் தொழில் வளர்ந்தது. அவ்வளர்ச்சியில் நம் தமிழகத்துக்கும் மராட்டியத்துக்கும் பங்குண்டு. இதனை அறிந்தபின், விடுமுறைக்கு ஊர் செல்லும் நம் வீட்டார், "இந்த வடக்கத்தியார்கள்..." என்று தொடங்கும் பேச்சை முடிக்க நா எழுமா?

நாம் செய்யத்தக்கன பெருஞ்செயல்கள் அல்ல. நம் பூர்விக ஊர்க் கண்மாயில் தூர் எடுக்க ஊரார் முன்வரும்போது ஒரு பங்கு அனுப்பலாம். அனுப்பும்போது அக்கண்மாயின் நீர் ஊரின் கடைசித் தெருவுக்கும் பாய்கின்றதா என்று கேட்கலாம். இங்கே நம் குழாயில் வரும் நீர் சகாப்பூரிலிருந்து வருகின்றது என்பதை நம் குழந்தைகளுக்குச் சொல்லலாம். அவ்வூர்களின் கோரிக்கை செய்தித்தாளில் வரும்போது, அது வேற்றார் வழக்கன்று எனப் படிக்கலாம். வீட்டு வேலைக்கு வருபவரின் ஊர் எது, அவ்வூரில் மழை எப்படி என்று ஒருமுறையேனும் கேட்கலாம். வாக்களிக்கும்போது நீரைப் பற்றி யார் என்ன சொன்னார் என்று எண்ணிப் பார்க்கலாம்.

மீண்டும் ஒரு கோடை விடுமுறை வரும். மீண்டும் வண்டி சோலாப்பூரைக் கடக்கும். சாளரத்தருகே அமர்ந்த குழந்தை மீண்டும் கேட்கும். அப்போது மழையைப் பற்றியும் மலையைப் பற்றியும் சொல்லுவோம். அதன்பின், அம்மலையில் பெய்த நீர் எங்கே போனது என்பதையும் சேர்த்துச் சொல்லுவோம். குழந்தை அடுத்த வினாவைக் கேட்குமாயின் மகிழ்வோம். அவ்வினாவுக்கு விடை கூறும் தகுதியோடு வாழ முயல்வோம்.